ரேடியோக்காவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்

என் மனைவியிடம் யாரும் வெறும் "சரி" சொல்லித் தப்பிக்க முடியாது. "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க, துணிக்கு, நீலக் கட்டி" என்பாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டே தலையாட்டுவேன். வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "துணி சோப்பு, நீலக் கட்டி" என்று நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் வழி விடுவாள். கல்யாணமான புதிதில் இதை ஏதோ கொஞ்சல் என்று நினைத்து உள்ளுக்குள் மகிழ்ந்திருக்கிறேன். கொஞ்ச நாளில் எரிச்சலாக வந்தது. இப்போது பழகிவிட்டது. நான் சொன்னதை யாராவது திருப்பிச் சொல்லாமல் போனால், அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

எங்கள் மகளுக்கு இது பிறவிப் பழக்கம். சின்ன வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் டீச்சர் அவளைப் பிடித்துத் திட்டியிருக்கிறார். வீட்டுப்பாடம் செய்யவில்லை, தலைக்குள் ஒன்றும் இல்லை, நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மகள் எழுந்து நின்று கைகட்டி, "வீட்டுப்பாடம் செய்யல, தலைக்குள்ள ஒண்ணும் இல்ல, நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வரணும்" என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்திருக்கிறாள். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம். நான் போய், இது திமிர் இல்லை, எங்கள் வீட்டு வழக்கம் என்று விளக்க வேண்டியதாயிற்று. விளக்கி முடித்த பிறகு டீச்சர் என்னை இன்னும் பரிதாபமாகப் பார்த்தார்.

வழக்கம் வந்தது தொழிலிலிருந்து. பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர் கடையின் மேல்மாடியில், ஒரு டாக்சி கம்பெனி இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் ஊரின் வரைபடம், மூடி தொலைந்துபோன ஒரு கெட்டில். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் ஓடும் கம்பெனி வண்டிகளை எல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு மேய்ப்பவள் என் மனைவி. டிரைவர்கள் அவளை ரேடியோக்கா என்பார்கள். அந்தப் பெயர் மாடியிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. நான் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பால் கெட்டுப்போகாமல் இருப்பது என் கைங்கரியம். இருந்தும் தெருவில் நான் ரேடியோக்கா வீட்டுக்காரர்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

முதலாளி நடுவில் ஒருமுறை ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றப் பார்த்தார். மாற்றுங்கள், ஆனால் டிரைவர் செய்தியைப் பார்த்தால் போதாது, எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஆஸ்பத்திரியின் முன்வாசலில் காத்திருக்கும் நோயாளியைத் தேடிப் பின்வாசலுக்குப் போய் நிற்கிற டாக்சி எங்கள் கம்பெனியில் கிடையாது. முதலாளிக்கு அது தெரியும். ரேடியோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் இதைக் கற்றுக்கொண்ட இடம் வேறு. சண்டை நடந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒரு சர்வதேச நிவாரண நிறுவனம் இருந்தது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும் என்பதால் எல்லோரும் வெள்ளை வண்டி என்றே சொல்வோம். அதிகாரிகள் பல நாடுகளிலிருந்து வந்து போவார்கள். ரேடியோ அறையில் மட்டும் உள்ளூர் ஆள் வேண்டும், ஏனென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுகிறவர்கள் உள்ளூர் ஆட்கள். அந்த நாற்காலி என் மனைவிக்குக் கிடைத்தது. அப்போது அவள் என் மனைவி இல்லை. மருந்து அறையில் இருந்த பிரிட்ஜ் அடிக்கடி படுத்துக்கொள்ளும். நான் அதை எழுப்பப் போவேன். கொஞ்ச நாளில் அது படுக்காத நாளிலும் போகத் தொடங்கினேன். அவளைக் கட்டப் போகிறவன் நான் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிட்டது.

ரேடியோ அறைக்கு ஒரு விதி உண்டு. அதை அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள், நானும் விதிப்படி திருப்பிச் சொல்லியிருக்கிறேன். நாம் பேசிவிட்டதால் செய்தி போய்ச் சேர்ந்துவிடாது. எதிரில் இருப்பவர் "கேட்டது" என்று சொன்னாலும் போதாது. அவர் நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, நாம் "சரி" என்று சொல்ல வேண்டும். அதுவரை செய்தி சொன்னவர் பொறுப்பு. அதற்குப் பிறகு கேட்டவர் பொறுப்பு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. வெள்ளை வண்டி அதன் மாடியில் தன் கொடியை ஏற்றி, சண்டையில் வீடு இழந்தவர்கள் இங்கே வந்து இருக்கலாம், கொடிக்குக் கீழே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது. ஜனங்கள் நம்பி வந்தார்கள். வகுப்பறைக்கு இத்தனை குடும்பம் என்று பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அங்கே மருந்து கொடுக்க நிறுவனம் ஒரு நர்ஸை வைத்திருந்தது. அவர் எங்கள் தெருக்காரர். தெருமுனை பேக்கரிக்காரரின் மனைவி. வாரக் கடைசியில் படகில் வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை ஒரு பை நிறைய ரொட்டியோடு திரும்பிப் போவார். நல்ல சிரிப்புக்காரி. என் மனைவி ரேடியோவில் அவரை விதிப்படி நிலையத்தின் பெயரால் கூப்பிடுவாள். தெருவில் பார்த்தால் அக்கா என்பாள். பேக்கரிக்காரருக்கு என் மனைவி தங்கச்சி.

ஒரு மத்தியானம் நர்ஸின் குரல் வந்தது. நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். பிரிட்ஜின் பின்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் குண்டு விழத் தொடங்கிவிட்டது, முன்வாசல் சாலை இன்னும் திறந்திருக்கிறது, வண்டிகளை அனுப்புங்கள், இல்லையென்றால் நடந்தாவது போய்விடுகிறோம், என்ன செய்யட்டும் என்று கேட்டார். இவள் அத்தனையையும் திருப்பிச் சொன்னாள். பிறகு தலைமை நிலையத்தைக் கூப்பிட்டு அத்தனையையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல். நிதானமான, படித்த குரல். பின்சுவர், முன்வாசல், வண்டிகள், நடந்து போவது, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னது. இவள் "சரி" என்றாள். "காத்திருக்கச் சொல்லுங்கள்" என்றது அந்தக் குரல்.

இவள் நர்ஸிடம் காத்திருக்கச் சொன்னாள்.

முற்றத்தில் வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். எங்கள் ஊர் ஆபீஸ் தலைவர் முற்றத்துக்கும் ரேடியோ அறைக்குமாக நடந்தார். மேலிடத்து அனுமதி இல்லாமல் அவர் கேட்டைத் திறக்க முடியாது. மேலிடம் சண்டைபோடும் இரண்டு தரப்பிடமும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டார். இவள் தலைமை நிலையத்தைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லுங்கள். மறுபடியும் அதேதான். சாயங்காலம் நர்ஸின் பக்கம் பேச்சு நின்றுபோனது. அதற்குப் பிறகு வெகுநேரம் இவள் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வண்டிகளின் இன்ஜினை யாரோ ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. நர்ஸும் திரும்பவில்லை.

மறுநாள் இவள் பேக்கரிக்குப் போனாள். கடை அடைத்திருந்தது, பின்பக்கமாகப் போனாள். அவர் மாவு மேசையின் அருகில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: மேலே சொன்னாயா இல்லையா? சொன்னேன் அண்ணா என்றாள். அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில் அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நாளில் நிறுவனம் பத்திரிகையில் ஒரு அறிக்கை விட்டது. ஆழ்ந்த வருத்தம் என்று தொடங்கியது. நடுவில் ஒரு வரி: "தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளியின் காரணமாக, நிலைமையின் தீவிரம் உரிய நேரத்தில் தெரியவரவில்லை." இதை எழுதியவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே வரியில் எப்படிப் பூசி மெழுகிவிட்டான் பாருங்கள். இடைவெளியாம். பள்ளிக்கூடத்துக்கும் தலைமை நிலையத்துக்கும் இடையில் இருந்தது ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்தி. அவன் யார் பெயரையும் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் அது யார் என்று விளங்கியது.

பேக்கரிக்காரருக்கும் விளங்கியது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உலகம் முழுக்கக் கொடி பறக்கிற நிறுவனம் அச்சில் சொல்வதை நம்புவதா, அடுத்த வீட்டுப் பெண் வாயால் சொன்னதை நம்புவதா? அன்று நடந்ததை நான் என் காதால் கேட்டேன் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. பெண்டாட்டிக்காகப் புருஷன் சொல்லும் சாட்சியை யார் மதிப்பார்கள்? நிறுவனம் ஊரைக் காலி செய்தபோது ரேடியோ அறைக் காகிதங்களைப் பின்முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. எங்கே போனாலும் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

அன்று தொடங்கி பேக்கரிக்காரர் என் மனைவியிடம் பேசவில்லை. வேறு பேக்கரிக்குப் போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டாள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தக் கடைக்குத்தான் போவாள். "ஒரு ரொட்டி, வெட்டாதது. நாலு பன்." அவர் தலையை நிமிர்த்தாமல் ஒரு ரொட்டி, வெட்டாதது, நாலு பன் பையில் போட்டு மேடையில் வைப்பார். ஒருநாளும் தவறாக வைத்ததில்லை, பழசை வைத்ததில்லை. ஆனால் ஒரு சொல் கிடையாது. ஊரில் யாரையும் திருப்பிச் சொல்ல வைக்காமல் விடாதவள், அந்த ஒரு கடையில் மட்டும் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

நாங்கள் சந்தோஷமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை முடிந்தது. படகுத்துறையில் பாலம் வந்தது. மகள் பிறந்தாள், ஒப்பித்தாள், வளர்ந்தாள். சமையலறை ஜன்னலில் கறிவேப்பிலைச் செடி வைத்தோம், அது ஜன்னலையே மறைத்துக்கொண்டு வளர்ந்தது. நான் வாங்கிய பழைய பிரிட்ஜ்கள் வராந்தாவை அடைத்தன, அதற்காக வாரம் ஒருமுறை சண்டை வரும், அந்தச் சண்டையிலும் அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லியாக வேண்டும். பாதி சொல்லும்போதே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். இதைவிட நல்ல வாழ்க்கை எனக்கு வேண்டியதில்லை. காலையில் ரொட்டிப் பையோடு திரும்பி வரும்போது மட்டும் அவள் முகத்தை நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

இந்த வருடம், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், வெள்ளை வண்டி மறுபடியும் வந்தது. இந்தமுறை வண்டி வாடகை வண்டி, அதுவும் எங்கள் கம்பெனி டாக்சி. பல நாடுகளில் சண்டைகளின்போது தான் நடந்துகொண்டது சரியா என்று நிறுவனமே ஒரு விசாரணைக் குழுவை அமைத்து, ஊர் ஊராக அனுப்பியிருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு அம்மாள் வந்தார். நரைத்த தலை, கட்டையாக வெட்டிய முடி. முன்பு எங்கோ நீதிபதியாக இருந்தவராம். சின்ன வயதிலேயே நாட்டைவிட்டுப் போன குடும்பம் என்பதால் எங்கள் மொழியைத் தடங்கல் இல்லாமல் பேசினார். நகராட்சிக் கூடத்தில் மூன்று நாள் உட்காருவார், யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வருத்தம் தெரிவித்து, மெழுகுவதற்கு இன்னொரு வாளி கொண்டுவந்திருக்கிறார்கள் என்றேன். இவள் மட்டும் அமைதியாகப் போவதாகச் சொன்னாள். சரி, போய் மேலே சொன்னேன் என்று சொல், அந்தக் குரல் திருப்பிச் சொன்னதையும் சொல், உன் மேல் விழுந்த பழி கழியட்டும் என்றேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே, காத்திருக்கச் சொன்னதையும் சொல்லப் போகிறேன் என்றாள்.

பேக்கரிக்காரருக்கு அது தெரியாது. அன்று அவர் கேட்டது மேலே சொன்னாயா என்பதை மட்டும்தான். தன் மனைவி நடந்து போகட்டுமா என்று கேட்டதும், வேண்டாம், காத்திருங்கள் என்று சொன்னது இவள் குரல்தான் என்பதும் அவர் காதுக்குப் போகவே இல்லை. அவர் கட்டாயம் கூடத்துக்கு வருவார். ஒரு பழியைக் கழற்றப் போய் அதைவிடப் பெரிய பழியை நீயே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சினேன்.

"பாதிச் செய்திய நான் எப்படிங்க குடுக்கிறது?" என்றாள். "அவங்களும் பாதியத்தானே சொன்னாங்க."

அவள் விளக்கி வைத்த பாத்திரங்களை நான் துடைத்து அடுக்கினேன்.

கூடம் நிறைந்திருந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மின்விசிறிகள். பேக்கரிக்காரர் கடைசி வரிசையில், கதவோரமாக, மாவு படிந்த செருப்போடு உட்கார்ந்திருந்தார். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் போய் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் மைக்கை விரலால் தட்டி, கேட்கிறதா என்று கடைசி வரிசையைப் பார்த்துக் கேட்டாள். இரண்டு டாக்சி டிரைவர்கள் சேர்ந்து, "கேக்குது ரேடியோக்கா" என்றார்கள். கூடம் சிரித்தது. நீதிபதியம்மாளும் சிரித்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பின்சுவர், முன்வாசல், வண்டிகள், நடந்து போவது. தலைமை நிலையத்துக் குரல் அதைத் திருப்பிச் சொன்னதையும் சொன்னாள். அழவில்லை, குரல் உயரவில்லை. டாக்சிக்கு விலாசம் சொல்கிற அதே குரல். "காத்திருக்கச் சொல்லுங்கன்னு சொன்னாங்க. நான் சொன்னேன். அக்கா நடந்து போயிடட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் காத்திருங்கன்னு சொன்னேன்" என்றாள். நான் திரும்பிக் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

நீதிபதியம்மாள் நியாயமான ஒன்றைச் சொன்னார். அனுமதி இல்லாமல் வண்டிகள் போய், வழியில் ஒன்றைக் குண்டு தாக்கியிருந்தால், அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்த இடத்துக்கும் எந்த வண்டியும் போயிருக்க முடியாது. எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால்தான் இரண்டு பக்கமும் உள்ளே விடும். மேலே இருந்தவர்களுக்கு அந்தப் பயம் இருந்திருக்கும் என்றார். கோபப்படத் தயாராக உட்கார்ந்திருந்த எனக்கே அதில் மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை.

இவளும் மறுக்கவில்லை. "வர முடியாம இருந்திருக்கலாம்மா. அத நான் தப்புன்னு சொல்லல. வர மாட்டோம்னு சொல்லியிருக்கலாமே. வாசல் திறந்துதான் இருந்துச்சு. எங்கள நம்பாதீங்க, நீங்க கிளம்புங்கன்னு ஒரு வார்த்த. அதுக்கு யாரோட அனுமதியும் வேண்டியதில்ல."

கொடியை ஏற்றி வாருங்கள் என்று கூப்பிட்டவர்களுக்கு, இனி எங்களால் காக்க முடியாது என்று சொல்லும் கடமையும் இருக்கிறது. எனக்கு இவ்வளவு வருடமாக மனதில் முட்டிக்கொண்டிருந்தது இதுதான். வண்டி அனுப்பாததற்காகத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன பிறகுதான் என் கோபமே எனக்குப் புரிந்தது.

நீதிபதியம்மாள் நன்றி சொன்னார். நீங்கள் சொன்னது அனைத்தும் பதிவாகிவிட்டது என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட உதவியாளர் எழுந்தார். என் மனைவி நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"பதிவு ஆகட்டும்மா. நான் சொன்னதக் கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

டிரைவர்கள் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வேறு யாரும் சிரிக்கவில்லை. உதவியாளர் குனிந்து அந்த அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். நீதிபதியம்மாள் என் மனைவியிடம், தான் கேட்பதற்காக மட்டுமே வந்திருப்பதாகவும், நிறுவனத்தின் சார்பில் பதில் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் பொறுமையாகவே விளக்கினார். இவளும் பொறுமையாகவே பதில் சொன்னாள்: அன்றைக்கு முற்றத்தில் இருந்த டிரைவர்களுக்கு அதிகாரம் இல்லை, ஆபீஸ் தலைவருக்கு இல்லை, தனக்கும் இல்லை, அந்தக் குரலுக்கும் இருந்திருக்காது. பதில் வேண்டாம், சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் தெரிய வேண்டும்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தி நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது என்று தொடங்கினார். இவள் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினாள். நான் யாரிடம் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றாள்.

அவர் உதவியாளரைப் பார்க்கவில்லை. என் மனைவியை நேராகப் பார்த்துச் சொன்னார்: "எங்ககிட்ட சொன்னீங்க. எங்களுக்குக் கேட்டுச்சு. நாங்க போகல. போகமாட்டோம்னும் சொல்லல. அவங்களக் காத்திருக்கச் சொன்னது நாங்க."

"சரி" என்றாள் என் மனைவி. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தபோது கதவோர நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது என்று மகள் என் காதில் சொன்னாள். நான்தான் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். கடைசி வரிவரை அவர் இருந்தாரா, பாதியில் எழுந்து போய்விட்டாரா? பாதியில் போயிருந்தால் அவர் காதில் விழுந்தது "நான்தான் சொன்னேன்" மட்டும்தான்.

காலையில் வழக்கம்போல அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கு நான் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. சரி, நானும் வருகிறேன் என்று கூடவே நடந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. சூடு தணியாத ரொட்டிகள் தட்டுகளில் அடுக்கியிருந்தன. பேக்கரிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்கள் வீங்கியிருந்தது கண்ணாடி அலமாரியில் தெரிந்தது.

"ஒரு ரொட்டி, வெட்டாதது. நாலு பன்" என்றாள் என் மனைவி.

அவர் தட்டை வைத்தார். ரொட்டியை எடுத்துப் பையில் போட்டார். பன்களை ஒவ்வொன்றாகப் போட்டார். பையை மேடையில் வைத்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. கடைசிவரை இருந்துதான் கேட்டேன் என்று மேடையைப் பார்த்தே சொன்னார். என் வீட்டுக்காரியும் அப்படித்தான், காத்திரு என்றால் காத்திருப்பாள் என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"ஒரு ரொட்டி, வெட்டாதது. நாலு பன்னு" என்றார். "சரியா, தங்கச்சி?"

வாசலில் டாக்சி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. என் மனைவி பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சரிண்ணா" என்றாள்.